மெய்யான திருச்சபை எது? ஞானஸ்நானத்தை வைத்து ஓர் ஒப்பீடு

கிறிஸ்தவ சபைகளுள் ஏதேனும் ஒன்று தன்னை மட்டுமே மெய்யான திருச்சபை என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்ற கேள்வி, கலப்புத் திருமணம் செய்த எவருக்கும் வெறும் வேதசாஸ்திரக் கேள்வியாக இருப்பதில்லை. நான் மானிப்பாயில் அமெரிக்க மிசன் வழிவந்த, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தைச் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவள். கணவர் குருநகர்க் கத்தோலிக்கர். உறவினர் சிலர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார்கள். மூன்றையும் எடைபோட்டபின் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டேன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பது வாசிப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

பாட்டு, பிரசங்கம், நல்ல பள்ளிக்கூடங்கள் ஆகியவை எல்லாச் சபையிலும் உண்டு. பிறந்த ஊரும் விடை தராது: 19ஆம் நூற்றாண்டில் மிசனரிமார் தங்களுக்குள் இடம் பிரித்து ஊழியம் செய்ததால்தான் வட்டுக்கோட்டையும் உடுவிலும் அமெரிக்க மிசனுக்கும், நல்லூரும் சுண்டுக்குளியும் அங்கிலிக்கன் சபைக்கும், பருத்தித்துறை மெதடிஸ்தருக்கும் போயின. பழமையையும் பாடுபட்டு நிலைத்ததையும் அளவுகோலாகக் கொண்டால் கத்தோலிக்கமே முன்னிற்கும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தங்கள் சீர்திருத்த சபையை அதிகாரத்தோடு பரப்பினார்கள். அவர்கள் போனபின் அந்தச் சபையினர் பெரும்பாலும் கரைந்துவிட்டனர். 1687இல் மறைவாக வந்திறங்கிய கத்தோலிக்கக் குரு யோசப் வாஸ் அடிகளார் தேடிச் சேர்த்த மந்தையோ இன்றும் இருக்கிறது.

ஆனாலும் எனக்கு முடிவைத் தந்தது வேறொன்று: இன்னொரு சபையில் ஞானஸ்நானம் பெற்று வருபவரை ஒரு சபை எப்படி நடத்துகிறது என்பது. திருமண ஏற்பாட்டின்போது பங்குச் சுவாமியார் என் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டார். பழைய பதிவேட்டிலிருந்து எங்கள் குருவானவர் எழுதிக்கொடுத்த பிரதியை வாசித்துவிட்டு, தண்ணீர் வார்த்துப் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்தான் கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டு, அதைக் கோப்பில் வைத்துக்கொண்டார். ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணந்தால் விதிவிலக்கு இல்லாமல் அந்தத் திருமணமே செல்லாது. என் விடயத்தில் அனுமதி மட்டும் போதுமாயிருந்தது, எங்கள் திருமணம் தேவதிரவிய அனுமானமாகவும் (திருவருட்சாதனமாகவும்) கணிக்கப்பட்டது.

இந்த வழக்கம் மிகப் பழையது. 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான், திருச்சபைக்கு வெளியே கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம் செல்லாது என்று வாதிட்டபோது, அதை மறுத்தவர் உரோமை ஆயர் ஸ்தேவான். பின்னர், வட ஆபிரிக்காவில் பிரிந்துபோன தொனாத்தியர் என்ற பிரிவினரோடு வழக்காடிய ஆயர் அகுஸ்தீனும், ஞானஸ்நானம் கொடுப்பவனுடையதன்று, கிறிஸ்துவினுடையது என்றார். 1964இல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் திருச்சபை கத்தோலிக்க திருச்சபையில் நிலைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதன் எல்லைக்கு வெளியிலும் பரிசுத்தத்தின் கூறுகள் உண்டென்று ஒப்புக்கொண்டது. வெளியே கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம் உண்மையானது என்றால், கிறிஸ்துவின் சரீரத்தில் சேர்க்கும் வாசல் வெளியிலும் திறந்திருக்கிறது. அப்படியானால் எந்த ஒரு சபையின் எல்லையும் திருச்சபையின் எல்லையாக முடியாது. வெளியே கிடைத்தாலும் அது எங்களுடைய சொத்துத்தான் என்று கத்தோலிக்கர் மறுமொழி சொல்வார்கள். அகுஸ்தீனும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார் என்பதால் அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

பெந்தெகொஸ்தே சபையை நான் உறவினர் வழியாக மட்டுமே அறிவேன். அதனால் அளவோடு சொல்கிறேன். குழந்தையில் தண்ணீர் தெளிக்கப்பட்டவரை அவர்கள் மறுபடி முழுக்குவதாக நாம் சொல்கிறோம். அவர்களோ, விசுவாச அறிக்கை இல்லாத முதலாவது ஞானஸ்நானமே அல்ல என்கிறார்கள். அந்த வாதத்தில் முரண்பாடு இல்லை. ஆனால் அதை ஏற்றால் என் பாட்டியும், வாஸ் அடிகளாரும், பல நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களும் ஞானஸ்நானம் பெறாமலே இறந்தார்கள் என்றாகும். அவ்வளவு பெரிய விலையைக் கொடுக்க நான் தயாரில்லை.

என் சபையின் பக்கம் நான் சாய்வதற்கு அதன் பிறப்பே காரணம். 1947 செப்டெம்பர் 27இல் சென்னையில் அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் இணைந்தபோது, ஒருவர் ஞானஸ்நானத்தை மற்றவர் கேள்வி கேட்கவில்லை. ஆயர் தலையில் கைவைத்து அபிஷேகம் பண்ணாமலே ஊழியம் பெற்றிருந்த குருமாரையும் மறுபடி அபிஷேகம் பண்ணாமல் ஏற்றுக்கொண்டார்கள். தானே முழுமை என்று சொல்லாத சபை என்பதால் எனக்கு அது பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இந்த ஐக்கியம் பெயருக்குத்தான் என்பதையும் சொல்லவேண்டும்: பேராயர் குலேந்திரனின் கீழ் அமெரிக்க மிசன் பகுதி மட்டும் சேர்ந்தது, இங்குள்ள மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் இன்றுவரை தனித்தே இருக்கிறார்கள்.

கணவரோடு பூசைக்குப் போகும்போது நான் நற்கருணை வாங்க எழுந்து போவதில்லை. ஞானஸ்நானத்தை ஏற்றவர்கள் மேசையை ஏன் மறுக்கிறார்கள் என்று அதே சுவாமியாரிடம் கேட்டேன். எங்கள் சபை கத்தோலிக்க திருச்சபையோடு பூரண ஐக்கியத்தில் இல்லை என்றும், 1896இல் பாப்பரசர் 13ஆம் லியோ அங்கிலிக்க குருத்துவத்தைச் செல்லாது என்று தீர்த்ததையும் சொன்னார்; எங்கள் ஆயர்களின் வரிசை அங்கிலிக்கர் வழியாகத்தான் வருகிறது. அந்தத் தீர்ப்பு சரியா என்று வாதாட எனக்குப் படிப்புப் போதாது. ஆனால் அது எங்கள் குருமாரைப் பற்றிய வழக்கு. என் சான்றிதழைப் பற்றி அவர் இரண்டாம் முறை எதுவும் கேட்கவில்லை.