ஏ லெவல் பிஇ-யா, பீடெக் ஸ்போர்ட்டா? யாருக்கு எது செட் ஆகும்

இங்கிலாந்துல ஜிசிஎஸ்இ (16 வயசுல எழுதற ஸ்கூல் பரீட்சை) முடிக்கப் போற பிள்ளைங்க இருக்கிற வீட்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. பிள்ளைக்கு விளையாட்டுன்னா உயிர், அப்போ அடுத்த ரெண்டு வருஷம் படிக்கிற ஏ லெவல்ல பிஇ, அதாவது உடற்கல்வி, எடுக்கலாமா, இல்ல பீடெக் ஸ்போர்ட் பக்கம் போகலாமா (இன்ஜினியரிங் பி.டெக் இல்லங்க, இது 16 வயசுக்கு மேல படிக்கிற, வேலை சார்ந்த வேற கோர்ஸ்). நிறைய பேர் "விளையாட்டு பிடிக்கும்"ங்கற ஒரே காரணத்த வச்சு முடிவு பண்றாங்க. எனக்கு அது போதாதுன்னு தான் தோணுது, பிள்ளை பரீட்சைய எப்படி எழுதும்ங்கறத தான் முதல்ல பாக்கணும்.

ஏன்னா ஏ லெவல் பிஇ விளையாடுற கோர்ஸே கிடையாது. ஏக்யூஏ, ஓசிஆர், எடெக்செல்னு பரீட்சை நடத்துற எந்த போர்டா இருந்தாலும் 70% எழுத்துப் பரீட்சை. மிச்சம் 30%ல பாதி, ஆட்டத்துல என்ன குறை, அத எப்படி சரி பண்றதுன்னு அலசி சொல்றதுக்கு போயிடும், ஆக கிரவுண்ட்ல இறங்கி ஆடறதுக்கு கிடைக்கிறது 15% தான். ஜிசிஎஸ்இல பிராக்டிகல் பக்கம் 40% இருந்துச்சு, மூணு ஆக்டிவிட்டி காட்டலாம். இங்க ஒண்ணே ஒண்ணு தான், பிளேயராவோ கோச்சாவோ. அந்த ஒண்ணையும் சும்மா டிரில் பண்ணி காட்டினா பத்தாது, உண்மையான போட்டியில ஆடற தரம் தெரியணும், அதனால கிளப்ல ரெகுலரா ஆடாத பிள்ளைக்கு இந்த மார்க்க அள்றது ரொம்ப கஷ்டம். உங்க பிள்ளையோட விளையாட்டு அனுமதிக்கப்பட்ட லிஸ்ட்ல இருக்கான்னும் சேர்றதுக்கு முன்னாடியே பாத்துடுங்க.

ஆனா தியரி இருக்கே, அது அருமையான படிப்புங்க, இத யாரும் சரியா எடுத்து சொல்றதே இல்ல. 100 மீட்டர் ஓடறவருக்கு உடம்பு சக்திய எங்க இருந்து எடுக்குது, 400 மீட்டர்ல கடைசி திருப்பத்துக்கு அப்புறம் கால் ஏன் கனக்குது, மாரத்தான்ல ஏன் ஆக்சிஜன் வழியா மட்டுமே தாக்குப்பிடிக்க முடியுதுன்னு ஒரு பக்கம். நெம்புகோல், நியூட்டன் விதி, பறக்கிற பந்து மேல காத்து என்ன பண்ணும்னு இன்னொரு பக்கம். பதட்டம் கொஞ்சம் இருந்தா ஆட்டம் நல்லா வரும், அளவு தாண்டினா சரியும்னு 1908ல யெர்க்ஸ், டாட்சன் பண்ண ஆய்வுல இருந்து வளர்ந்த சைக்காலஜி. அப்புறம் சமூகம், வரலாறு: ரயில் வந்தது ஸ்போர்ட்ட எப்படி மாத்துச்சு, 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ ஹிட்லர் எப்படி பயன்படுத்தினார், 1980 மாஸ்கோவ ஏன் பாய்காட் பண்ணாங்க, 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல பணம் எப்படி உள்ள வந்துச்சு. பயாலஜி, பிசிக்ஸ், சைக்காலஜி, ஹிஸ்டரி நாலும் ஒரே பாடத்துல கலந்து வரும். ஏக்யூஏல 15 மார்க் கேள்விக்கு கட்டுரை மாதிரி எழுதணும், அதுல தான் நல்லா ஆடற பிள்ளைங்களே தடுமாறுதுங்க.

பீடெக்ல "எக்ஸாமே இல்ல, எல்லாம் கோர்ஸ்வொர்க்"னு ஒரு பேச்சு ஓடுது, அது தப்பு. 2016ல வந்த பீடெக் நேஷனல்ல ஒரு ஏ லெவலுக்கு சமமான எக்ஸ்டெண்டட் சர்ட்டிபிகேட்ட எடுத்துக்கோங்க, மொத்தம் நாலு யூனிட், அதுல அனாட்டமிக்கு எழுத்துப் பரீட்சை, ஃபிட்னஸ் டிரெய்னிங்குக்கு வெளியில இருந்து செட் பண்ற டாஸ்க், இந்த ரெண்டு மட்டுமே மூணுல ரெண்டு பங்கு. ஒருத்தரோட வாழ்க்கை முறைய குடுத்து அவருக்கு டிரெய்னிங் பிளான் போடச் சொல்லுவாங்க, கோச்சிங் இல்ல ஜிம் வேலைக்கு போற பிள்ளைக்கு நேரா கைகொடுக்கிற வேலை இது. மூணு ஏ லெவலுக்கு சமமான பெரிய சைஸ் எடுத்தா கோர்ஸ்வொர்க் பங்கு கூடும். ரெண்டு வருஷமும் டெட்லைன் விடாம முடிக்கிற, ஒரே பரீட்சையில பதறிப்போற பிள்ளைக்கு நான் யோசிக்காம இதத் தான் சொல்லுவேன். இந்த கோர்ஸ்கள அரசாங்கம் மாத்திக்கிட்டே இருக்கிறதால உங்க காலேஜ்ல எந்த வெர்ஷன் நடக்குதுன்னு கேட்டுக்கோங்க.

யூனிவர்சிட்டி சேர்க்கைக்கு கிரேட கணக்கு போடற யூகாஸ் பாயிண்ட்ல ஒரு விஷயம் கவனிக்கணும். ஒரு ஏ லெவலுக்கு சமமான அந்த பீடெக்ல டிஸ்டிங்ஷன் ஸ்டாருக்கு 56, டிஸ்டிங்ஷனுக்கு 48, அதாவது ஏ ஸ்டார், ஏ ரெண்டுக்கும் சமம். அதுக்கு அடுத்த மெரிட் நேரா 32க்கு இறங்கிடுது, அது ஏ லெவல் சி. நடுவுல பி-க்கு உண்டான 40 இல்லவே இல்ல, ஒரு படி சறுக்கினா 16 பாயிண்ட் போச்சு.

பிசியோதெரபி ஆசை இருந்தா என் ஓட்டு ஏ லெவலுக்கு. பல யூனிவர்சிட்டி பயாலஜி இல்லன்னா பிஇ இருந்தாலும் ஏத்துக்குது, சிலது பயாலஜியே வேணும்னு நிக்குது, அதனால பயாலஜியும் பிஇயும் சேத்து எடுத்தா ரெண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும், பாடமும் ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்தாசை. இதயம், நுரையீரல், தசை எல்லாம் ரெண்டுலயும் வரும். ஸ்போர்ட் சயின்ஸ் டிகிரிக்கு ரெண்டு வழியும் உண்டு, ஆனா பீடெக்கோட கூட ஒரு சயின்ஸ் ஏ லெவலும் கேக்கிற இடங்க இருக்கு, பிள்ளை மனசுல வச்சிருக்கிற யூனிவர்சிட்டியோட பக்கத்த திறந்து அந்த ஒரு வரிய தேடிப் பாத்துட்டு அப்புறம் ஃபாரம்ல டிக் போடுங்க.