ஐபி 65 என்றார், 68 என்றார், இரண்டிலும் தண்ணீர் புகுந்தது: வெளிப்புறத்துக்கு எல்இடி ஸ்ட்ரிப் வாங்கப் போகிறவர்களுக்கு

மழை படும் இடத்தில் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டப் போகிறவர்கள் கடையில் பணத்தை நீட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இரண்டு தவணையாக ஏறக்குறைய 20,000 ரூபாயைத் தண்ணீரில் போட்டவன் எழுதுகிறேன். உவமைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே தண்ணீரில்தான்.

வீடு தூத்துக்குடியில். ஆவணியில் பால் காய்ச்சினோம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேலே சுற்றிலும் வெளிச்சம் ஓட வேண்டும் என்பது என் ஆசைதான், வீட்டில் யாரும் கேட்கவில்லை. அளந்து பார்த்தால் 40 மீட்டர். ஐந்து மீட்டர் சுருளாக எட்டுச் சுருள் வேண்டும்.

ஊரில் ஓரளவு பெரிய கடைதான். பெயர் சொல்லப்போவதில்லை. “மழையில நனையிற இடம் அண்ணாச்சி, தாங்குமா?” என்று முதலிலேயே கேட்டேன். “வாட்டர் ப்ரூஃப்லா தம்பி. ஐபி 65. கடலுக்குள்ள போட்டாலும் எரியும்” என்றார். ஐபி என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் எண். அண்ணாச்சி சொன்னதோடு நிற்கவில்லை. ஒரு துண்டை எடுத்து அடாப்டரில் மாட்டி, மேசை மேல் இருந்த டம்ளர் தண்ணீருக்குள் முக்கினார். ஜம்மென்று எரிந்தது. நானும் மயங்கிவிட்டேன்.

அந்த டம்ளர் வித்தையைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பைப் பூச்சே இல்லாமல் வெறுமனே தண்ணீரில் முக்கினாலும் கொஞ்ச நேரம் எரியத்தான் செய்யும். நல்ல தண்ணீர் அந்த வோல்டேஜில் பெரிதாக மின்சாரத்தைக் கடத்தாது. கெடுதல் அந்த நிமிடத்தில் தெரியாது, ஈரம் தங்கி நாள் கணக்கில் செம்பைத் தின்னும்போதுதான் தெரியும். டம்ளரில் எரிவது எதற்கும் சாட்சி ஆகாது.

சுருள் ஒன்று 480 வீதம் 3,840 ரூபாய். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் ‘ரெயின்ப்ரூஃப்’ எஸ்எம்பிஎஸ் பெட்டி (டிரைவர் என்றும் சொல்வார்கள்) இரண்டு, 1,900. எலக்ட்ரீஷியன் கூலி 3,000. மொத்தம் 8,740. பில் கேட்டேன். “ஜிஎஸ்டி பில்லுன்னா ரேட்டு கூடுமே தம்பி” என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். அதில் கடைப் பெயர்கூட இல்லை. ‘ஸ்ட்ரிப் வாட்டர் ப்ரூ. 8’ என்று பால்பாயிண்டில் எழுதி, கீழே கூட்டல். அதை வாங்கி மடித்துப் பையில் வைத்ததுதான் நான் செய்த முதல் தப்பு.

ஐப்பசி மழை தொடங்கி மூன்றாம் நாள், கிழக்கு மூலையில் மூன்று விளக்குகள் மட்டும் துடித்தன. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் பெரும்பாலும் மூன்று மூன்றாகத்தான் விளக்குகளைக் கோத்திருப்பார்கள், அதனால் செத்தாலும் மூன்று மூன்றாகத்தான் சாகும். வாரக் கடைசிக்குள் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் ஒரு ராத்திரி கனமழையில், மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்சான ஈஎல்சிபி விழுந்து வீடே இருட்டு. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. மாடிச் சுவிட்சை அணைத்த பிறகுதான் நின்றது.

காலையில் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பார்த்தேன். ‘ரெயின்ப்ரூஃப்’ என்பது கூரை வைத்த தகரப் பெட்டி, அவ்வளவுதான். பக்கவாட்டில் காற்றுப் போக வரிவரியாகத் திறப்பு. நேராக நிறுத்தி, திறப்பு கீழ்நோக்கி இருக்கும்படி, மேலே ஒரு மறைப்பும் இருந்தால் சாரலுக்குத் தாங்கும். எலக்ட்ரீஷியன் தம்பி அதைத் தளத்தில் படுக்கப் போட்டிருந்தான். 230 வோல்ட் வரும் முனையில் ஈரமும் செம்மண்ணும். ஈஎல்சிபி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பதிவை யார் எழுதியிருப்பார்களோ. ஸ்ட்ரிப்பின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு டிரைவரின் எண்ணைப் பார்க்காமல் விடுவதுதான் எல்லாரும் செய்வது. ஆளைக் கொல்லக்கூடிய மின்சாரம் இருப்பது டிரைவரில்தான். வெளியே வைப்பதென்றால் உள்ளே முழுக்கப் பிசின் ஊற்றி அடைத்த, ஐபி 67 போட்ட அலுமினியக் கட்டை வகையை வாங்குங்கள். அதைவிட நல்லது, டிரைவரை வீட்டுக்குள் வைத்து 12 வோல்ட் வயரை மட்டும் வெளியே கொண்டுபோவது.

அடுத்து ஸ்ட்ரிப். செத்த துண்டைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே பளபளவென்று கோந்து மாதிரி பூச்சு. அது மேல்பக்கத்துக்கு மட்டும்தான், அடிப்பக்கம் வெறும் ஒட்டு டேப். வெட்டிய இடத்தில் பூச்சைச் சுரண்டி, ஈயம் வைத்து வயர் பற்றவைத்து, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தான். டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. பாட்டி வீட்டில் புளி போட்டுத் துலக்காத செம்புக் குடத்தில் ஏறுமே, அதே களிம்பு. பிளஸ் பக்கத்துச் செம்புப் பட்டை ஓரிடத்தில் அரித்து இல்லாமலே போயிருந்தது. ஈரமும் டிசி மின்சாரமும் சேர்ந்தால் பிளஸ் பக்கத்துச் செம்பு கரையும். மின்முலாம் பூசும் பட்டறையில் நடக்கிற அதே வேலை, நம் வீட்டுச் சுவரில் நடந்திருக்கிறது.

அன்றைக்குத்தான் இந்த ஐபி எண் என்ன என்றே உட்கார்ந்து படித்தேன். ஐஇசி 60529 என்ற தரநிலையில் வருவது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் தூசி அறவே புகாது, தண்ணீர் பீய்ச்சினால் தாங்கும். பீய்ச்சுவது என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயில், நிமிடத்துக்கு 12.5 லிட்டர், இரண்டரை முதல் மூன்று மீட்டர் தள்ளி நின்று, குறைந்தது மூன்று நிமிடம். தோட்டத்துக் குழாயால் கழுவுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கி நின்று அதில் ஊறுவது இந்தச் சோதனையிலேயே கிடையாது. என் கைப்பிடிச் சுவரோ தட்டையான மேற்புறம். மழை விட்டு மறுநாள் மதியம் வரை விரல் கனத்துக்குத் தண்ணீர் நிற்கும். அதில் 65 படுத்துக் கிடந்தது.

இன்னொன்று, சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். உப்பளக் காற்று, சித்திரை வெயில் இரண்டுக்கும் இந்த எண்ணில் கணக்கே கிடையாது. ஊர் தூத்துக்குடி!

சரி, கடைக்குப் போனேன். “அந்த எடத்துக்கு நீங்க 68 போட்டிருக்கணும் தம்பி, நீங்க சொல்லவே இல்லையே” என்றார் அண்ணாச்சி. கடலுக்குள் எரியும் என்றவர் அவர்தான். செத்த சரக்கைத் திருப்பி எடுக்க மாட்டாராம், பெரிய மனசு பண்ணி ‘ஐபி 68’ சுருளை 1,150க்குத் தருகிறாராம். எட்டுச் சுருள் 9,200. கூலி இன்னொரு 2,000. ஏன் வாங்கினாய் என்று கேட்காதீர்கள், வீட்டில் கேட்டாகிவிட்டது.

இந்த முறை ஸ்ட்ரிப் ஒரு கண்ணாடி நிறக் குழாய்க்குள் இருந்தது. பார்க்கக் கெட்டியாக, நம்பிக்கையாக இருந்தது. கார்த்திகைத் தீபத்தன்று அழகாகவே எரிந்தது. அதற்கடுத்த மழையில், மேற்குப் பக்கக் குழாய்க்குள் தண்ணீர் மட்டம் தெரிந்தது. மீன் தொட்டி மாதிரி, நீர்க்குமிழி ஒன்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நகர்கிறது. வெறும் ஸ்ட்ரிப்பாவது வெயில் வந்தால் காயும். குழாய்க்குள் புகுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும்.

மிச்சம் இருந்த அரை மீட்டர் துண்டு, கடையில் கொடுத்த மூடி மாட்டியபடியே கிடந்தது. வெட்டுப் பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு, சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பது போல வாளித் தண்ணீரில் அமுக்கினேன். மூடிப் பக்கமிருந்து முத்து முத்தாகக் குமிழி. மூடியை இழுத்தால் கையோடு வந்துவிட்டது, பசையே இல்லை. உள்ளே இருந்த ஸ்ட்ரிப்பை உருவிப் பார்த்தால் அதே பழைய சரக்கு, முன்பு மேலே பூச்சு, இப்போது பூச்சில்லாமல் குழாய். குழாய் முழுக்க சிலிகான் நிரப்பியிருந்தால்தான் அது 68க்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரும். இது காலிக் குழாய். சுருளின் மேல் ஒட்டியிருந்த வெள்ளிச் சீட்டில் ‘ஐபி 68’ என்பதைத் தவிர கம்பெனிப் பெயரோ, எத்தனை மீட்டர் ஆழம், எவ்வளவு நேரம் என்ற விவரமோ எதுவும் இல்லை. அது இருந்தே ஆக வேண்டும். 67க்கு அளவு பொது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 68க்கு அதைவிடக் கடுமையான ஆழமும் நேரமும் தயாரிப்பவரே சொல்ல வேண்டியவை. ஆழம் சொல்லாத 68 வெறும் அச்சு.

இதில் எலக்ட்ரீஷியன் பங்கும் உண்டு, அவன் ஏமாற்றவில்லை, தெரியாது. வெட்டிய முனைகளை அடைக்க அலுமினியக் கதவு வேலைக்கு வைத்திருந்த சிலிகான் டியூபை எடுத்துப் பிதுக்கினான். மாடி முழுக்க வினிகர் வாசம் அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த வாசம் அடிக்கிற சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது செம்பை அரிக்கும். ஈரம் தடுக்கப் போட்ட மருந்தே களிம்புக்கு உரம். ‘நியூட்ரல்’ என்று போட்ட சிலிகானைத்தான் வயர் முனைக்குப் போட வேண்டும். எண் எதுவாக இருந்தாலும் அது தொழிற்சாலையில் மூடிய சுருளுக்குத்தான் சொந்தம், கத்தரி வைத்த நிமிடத்திலிருந்து முனையை அடைக்கிறவன் கையில்தான் இருக்கிறது. அதனால் இப்போது நான் வெட்டாமல் முடிகிற அளவாகப் பார்த்துத்தான் இடத்தைத் தேர்வு செய்கிறேன்.

எதற்கு எது என்று பலர் கேட்பீர்கள். ஹாலில் ஃபால்ஸ் சீலிங்குக்குள் போடுவதற்கு ஐபி 20 போதும். அங்கே போய் 65 விற்கிறவரும் உங்களிடம் கூடுதலாகக் கறக்கிறார், பூச்சு இருந்தால் சூடு வெளியேறுவதும் குறையும். சமையலறை மேடைக்கு மேல், சிங்க் பக்கம் என்றால் 65 நல்லது. தண்ணீருக்காக என்பதைவிட, எண்ணெய்ப் புகை படிந்தால் துணியால் துடைக்கலாம். சன்ஷேடுக்கு அடியில், போர்டிகோவின் உள்விளிம்பில் சாரல்தான் படும், அங்கும் 65 தாங்கும். நேராக மழை விழும் இடத்துக்கு 67. ஆனால் 67 போட்டால் 65 செய்வதெல்லாம் தானாகச் செய்யும் என்று நினைக்க வேண்டாம், முக்கும் சோதனை வேறு, பீய்ச்சும் சோதனை வேறு. குழாய் வைத்து மாடி கழுவுகிற வீடென்றால் இரண்டு எண்ணும் சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீரூற்று, தொட்டிக்குள் என்றால் மட்டும்தான் 68. மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற 230 வோல்ட் ரோப் லைட்டை இரும்புக் கேட்டில் சுற்றவே சுற்றாதீர்கள். எந்த எண் போட்டிருந்தாலும்.

பூச்சு எதனால் ஆனது என்றும் கேளுங்கள். முதல் சுருளில் பிழைத்த ஒரு துண்டைப் போர்டிகோவில் ஒட்டி வைத்தேன். பங்குனிக்குள் மஞ்சளாகி, நகத்தால் அழுத்தினால் தெறிக்கிற அளவுக்கு இறுகிவிட்டது. எபாக்ஸியாக இருக்கும். சிலிகான் அவ்வளவு சீக்கிரம் மஞ்சளாகாது, வளைத்தால் ரப்பர் போலத் திரும்பி வரும். ஆனால் சிலிகான் உறை சாதாரண டேப்பில் ஒட்டி நிற்காது, கிளிப் போட்டுத் திருகத்தான் வேண்டும். டிரைவரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று வந்துவிடும். என் இரண்டு தகரப் பெட்டியிலும் அப்படி ஒன்றும் கிடையாது.

பணம் என்ன ஆயிற்று? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தேன். பில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எஸ்டிமேட் சீட்டும், இரண்டு தவணையும் ஜிபேயில் அனுப்பிய விவரமும், நனைந்த குழாயின் படங்களும் இருந்தன. புகாரைப் பதிந்துகொண்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டேன். புகார் எண்ணை அண்ணாச்சியிடம் காட்டியபோது “இதுக்குப் போயி ஏன் தம்பி” என்று உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். 9,200ல் 5,000 திரும்பி வந்தது. கூலியையும் முதல் தவணையையும் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, நானும் அதோடு விட்டுவிட்டேன்.

இப்போது கைப்பிடிச் சுவரின் மேல் ஒன்றும் இல்லை. சன்ஷேடுக்கு அடியில், நனையாத உள்மூலையில், அலுமினியப் பட்டைக்குள் பத்து மீட்டர் மட்டும் ஓடுகிறது. டிரைவர் மாடிப்படி அறைக்குள். வேறு கடையில் பில் போட்டு வாங்கினேன், அதில் ‘ஐபி 65’ என்று எழுதித் தரச் சொல்லி, எழுதிய பிறகுதான் பணம் கொடுத்தேன். இந்தக் கடைக்காரர் முகம் சுளித்தார், எழுதித் தந்தார்.