பூனைக்கான பல் துலக்கும் செட்: நான்கு மாதம் பயன்படுத்திய பிறகு

கருப்பிக்கு ஏழு வயது. அவள் வாய் நாற்றத்தை, பூனை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு வருடம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். ஒரு நாள் உலர் உணவை வலது பக்கம் மட்டும் ஒதுக்கிக் கடித்தாள். பாதி கீழே சிந்தியது. அன்றே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கு அடியில் கல்லாகப் படிந்திருந்த காரை வரை சுத்தம் செய்தார்கள். இடது கீழ்க் கடைவாயில் ஒரு பல்லின் வேர் கரைந்துகொண்டிருந்ததால் அதைப் பிடுங்க வேண்டியதாயிற்று. 30 பல்லில் இப்போது 29.

புண் ஆறிய பிறகு வாங்கியதுதான் இந்த செட். விரலில் மாட்டும் சிலிக்கோன் பிரஷ், சின்னத் தலையுள்ள கைப்பிடி பிரஷ், கோழிச் சுவை என்சைம் பேஸ்ட், மூன்றும் இருக்கின்றன.

பேஸ்ட் அருமை. நுரைக்காது, கழுவ வேண்டாம், விழுங்கினாலும் பயமில்லை. நம் பேஸ்ட்டை மட்டும் தொடாதீர்கள். பூனைக்குத் துப்பத் தெரியாது, அதிலுள்ள ஃபுளோரைடும் நுரையும் வயிற்றுக்குள் போகும். முதல் வாரம் பிரஷ்ஷையே எடுக்கவில்லை. விரல் நுனியில் பேஸ்ட்டைத் தடவி நக்க விட்டேன். அடுத்த வாரம் உதட்டை லேசாகத் தூக்கி விரலால் தேய்த்தேன். மூன்றாவது வாரம்தான் பிரஷ். அவசரப்பட்டிருந்தால் நிச்சயம் ஓடி ஒளிந்திருப்பாள்.

விரல் பிரஷ் பூனைக்கு ஆகாது. என் சுண்டுவிரலில் மாட்டினாலே தடிமனாகி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே நுழைய மறுக்கிறது. இரண்டாம் நாளே நுனியைக் கடித்துப் பிய்த்துவிட்டாள். துண்டு வாய்க்குள் போகுமுன் எடுத்துவிட்டேன், ஆனால் நெஞ்சு பதறிவிட்டது.

சின்ன பிரஷ் அப்படியில்லை. வாயைத் திறக்காமலே கன்னத்தின் உள்ளே நுழைந்துவிடும். ஈறோரமாகச் சாய்த்துப் பிடித்து, வெளிப்பக்கம் மட்டும் தேய்க்கிறேன். உள்பக்கத்தை அவள் நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்ளும். பக்கத்துக்கு 20 விநாடி, அதற்கு மேல் பொறுமை இருக்காது. மேல் கடைவாயின் பெரிய பல்லை மட்டும் ஒரு நாளும் விடுவதில்லை, காரை அதிகம் சேர்வது அங்கேதான்.

பெட்டியில் 'காரையை நீக்கும்' என்று போட்டிருப்பதுதான் எனக்குக் கோபம். பல்லில் படியும் மெல்லிய படலம் எச்சிலில் உள்ள தாது சேர்ந்து சில நாளிலேயே கல்லாகிவிடும். கல்லான பிறகு எந்த பிரஷ்ஷாலும் போகாது. அதனால்தான் தினமும் தேய்க்கச் சொல்கிறார்கள். பெட்டியை நம்பி, ஏற்கெனவே ஈறு சிவந்து வலியில் இருக்கும் பூனைக்குத் தேய்த்தால் அதற்குச் சித்திரவதை. முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அப்புறம் வாங்குங்கள். வி.ஓ.எச்.சி. (கால்நடை வாய்நலக் கவுன்சில்) முத்திரையும் இதில் இல்லை. படலத்தையோ காரையையோ குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பொருள்களுக்குத் தரும் முத்திரை அது. அடுத்த முறை அதைப் பார்த்தே பேஸ்ட் வாங்குவேன்.

போன வாரம் பரிசோதனைக்குப் போனோம். நாற்றம் இல்லை, ஈறோரச் சிவப்பும் போய்விட்டது. இடது மேல் கடைவாயில் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடு தெரிகிறது. வலக்கையால் தேய்க்கும்போது அந்தப் பக்கம் எட்டுவது சிரமம். அவள் பொறுமையும் அதற்குள் தீர்ந்துவிடும். இப்போது இடது பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.