உபரி லேசரின் வாட்டை எதைக் கொண்டு அளப்பது: போட்டோடயோடா, தெர்மோபைலா, கலோரிமீட்டரா?

2010-இல் காசியோவின் லேசர் புரொஜெக்டர்கள் சந்தைக்கு வந்தபோது, உள்ளே இருந்த 24 நீல டயோடுகளுக்காகவே அவற்றை வாங்கிப் பிரித்த ஆர்வலர்கள் பலர். 445 நானோமீட்டரில் ஏறத்தாழ ஒரு வாட் தரக்கூடிய அந்த டயோடுகள் தனித்தனியாக விற்பனைக்கு வந்தன. அவற்றைப் போலவே, ஆய்வகங்கள் கழித்த ஆர்கான் குழல்களும், பழைய வெட்டு இயந்திரங்களிலிருந்து கழற்றிய கார்பன் டை ஆக்சைடு குழல்களும் கைமாறுகின்றன. எத்தனை மணி நேரம் ஓடித் தேய்ந்த சரக்கு என்பது விற்பவருக்கே தெரியாத நிலையில், உண்மையான வெளியீட்டை வாங்கியவர்தான் அளந்து அறிய வேண்டும்.

கையில் முதலில் சிக்குவது, ஒளியை மின்னோட்டமாக மாற்றும் சிலிக்கான் போட்டோடயோடு வைத்த மலிவான மீட்டர். கண நேரத்தில் எண்ணைக் காட்டுவதும் மைக்ரோவாட் வரை உணர்வதும் இதன் பலம். உபரி லேசருக்கு அந்தப் பலத்தால் பெரிய பயன் இல்லை. சிலிக்கான் 445 நானோமீட்டரில் ஒரு வாட் ஒளிக்குச் சுமார் 0.2 ஆம்பியரும், 808 நானோமீட்டரில் 0.5 ஆம்பியருக்கு மேலும் தருவதால், அலைநீள அமைப்பைத் தவறாக வைத்தால் எண் இரு மடங்குக்கு மேல் பிசகும். அதிக ஒளியில் டயோடு தெவிட்டி, அதற்கு மேல் எண் ஏறாது நின்றுவிடுவதால், வாட் கணக்கில் அளக்க முன்னால் வடிகட்டி வேண்டும். அந்த வடிகட்டியின் கடத்தலும் அலைநீளத்துக்கு ஏற்ப மாறும். பச்சை லேசரில் வேறொரு பொறியும் உண்டு. 10 மில்லிவாட் என்று விற்கப்பட்ட ஒரு பச்சைச் சுட்டியில், மங்கலான பச்சையுடன் 20 மில்லிவாட்டை நெருங்கும் அகச்சிவப்பும் கசிந்ததை அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட் 2010-இல் பதிவு செய்தது. 532 நானோமீட்டருக்கு அமைத்த போட்டோடயோடு அந்தக் கசிவையும் பச்சையாகவே, அதுவும் பெருக்கிக் கணக்கிடும். கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் கதிருக்கோ சிலிக்கான் முழுக் குருடு.

தெர்மோபைல் ஒளியை எண்ணுவதில்லை, வெப்பத்தை அளக்கிறது. கறுப்புப் பூச்சுள்ள வட்டத்தகட்டின் நடுவில் கதிர் விழ, வெப்பம் குளிர்ந்த விளிம்பை நோக்கிப் பாயும்போது, நடுவுக்கும் விளிம்புக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டை வரிசையாகக் கோத்த தெர்மோகப்பிள்கள் (இரு உலோகக் கம்பிகளின் இணைப்புகள்) சிறு மின்னழுத்தமாக மாற்றுகின்றன. புற ஊதாவிலிருந்து தொலை அகச்சிவப்பு வரை இதன் பதில் ஏறக்குறைய ஒன்றே என்பதால், பல வகை லேசர்களைக் கையாள்பவருக்கு இதற்கு இணையில்லை. ஓஃபிர், கோஹரன்ட் ஆகிய நிறுவனங்களின் பழைய உணரித் தலைகள் உபரிச் சந்தையிலேயே கிடைக்கின்றன. ஆயினும் வாங்கும்முன் பார்க்க வேண்டியது பூச்சின் முகத்தைத்தான். நடுவில் வெளிறிய அல்லது பளபளக்கும் புள்ளி தெரிந்தால், முன்னர் யாரோ குவித்த கதிரை அதில் பாய்ச்சியிருக்கிறார்கள். அந்த இடத்தில் உறிஞ்சல் குறைந்திருக்கும், காட்டும் எண்ணும் குறையும். 5 வாட் கதிர் ஒரு மில்லிமீட்டர் விட்டத்தில் விழும்போது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 640 வாட், அதையே 0.1 மில்லிமீட்டராகக் குவித்தால் 64,000 வாட். ஆகவே, லென்ஸைத் தளர்த்திக் கதிரை விரித்த பிறகே அளக்க வேண்டும். மற்றொரு சங்கடம், தலையுடன் வந்த அளவீட்டுச் சான்று பல ஆண்டுகள் பழையதாக இருந்தால் அதைச் சரிபார்க்க வீட்டில் வழியில்லை என்பது.

அந்தக் குறையைத்தான் கையால் செய்த கலோரிமீட்டர், அதாவது ஒரு கட்டி எவ்வளவு சூடேறுகிறது என்பதிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் கருவி, தீர்க்கிறது. 100 கிராம் அலுமினியக் கட்டியின் ஒரு முகத்தில் அடுப்புக்கு அடிக்கும் மங்கல் கறுப்பு வண்ணம் பூசி, துளையில் வெப்பநிலை உணரியைச் செருகி, பின்புறம் அலுமினிய உறையுள்ள 12 ஓம் மின்தடை ஒன்றைத் திருகினால் கருவி தயார். முதலில் மின்தடைக்கு 24 வோல்ட் கொடுத்தால் அது 48 வாட். 30 வினாடியில் கட்டி 12 டிகிரி ஏறுகிறது என்று கொள்வோம். ஆறவிட்டு, அதே 30 வினாடி லேசரைப் பாய்ச்சும்போது 9 டிகிரி ஏறினால், கட்டி உறிஞ்சியது 36 வாட். காற்றில் இழக்கும் வெப்பம் இரு முறையும் ஏறக்குறைய ஒத்திருப்பதால் பெருமளவு கழிந்துவிடும். வண்ணத்தில் பட்டுத் திரும்பும் சில சதவீதம் மட்டும் கணக்கில் குறையும். சாதாரண மல்டிமீட்டரின் துல்லியமே இங்கு அளவுகோலாகிறது. குறை என்னவெனில், ஒவ்வோர் அளவுக்கும் ஆறவிட வேண்டும். லேசரின் கண்ணாடிகளைத் திருகிச் சீரமைக்கையில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று உடனுக்குடன் பார்க்க இது உதவாது. கட்டிக்குப் பதில் தண்ணீர்க் குவளை வைக்கலாம் என்பது 10.6 மைக்ரோமீட்டருக்கு மட்டுமே பொருந்தும். நீலக் கதிர் தண்ணீரை ஊடுருவிப் போய்விடும். சிறு குளிரூட்டிகளில் வரும் பெல்டியர் தகட்டை உணரியாக்குவது தெர்மோபைலுக்கும் கலோரிமீட்டருக்கும் நடுவழி. ஒரு சில வாட் வரை நன்று, அதற்கு மேல் உள்ளிருக்கும் தாழ்ந்த உருகுநிலைப் பற்றாசு தாங்காது.

அரை வாட்டைக் கடந்தால் அது நான்காம் வகுப்பு, அதாவது மிக ஆபத்தான பிரிவைச் சேர்ந்த லேசர். சிதறிய ஒளியும் கண்ணைப் பறிக்கும். பாலிகார்பனேட் கண்ணாடி 10.6 மைக்ரோமீட்டரைத் தடுக்கும், 445 நானோமீட்டரை விட்டுவிடும் என்பதால், எந்த முறையானாலும் அலைநீளத்துக்கு உரிய காப்புக் கண்ணாடி வேண்டும்.

என் தேர்வு இதுதான்: ஒரே ஒரு 40 வாட் கார்பன் டை ஆக்சைடு குழலைச் சோதிக்க விரும்புபவர் பணம் செலவிடாமல் அலுமினியக் கட்டியைச் செய்துகொள்ளலாம். டயோடுகளை வாங்கி, பிரித்து, ஒப்பிடுவதே பொழுதுபோக்கு என்றால் பூச்சு கெடாத பழைய தெர்மோபைலை வாங்கி, அதன் எண்ணை அதே கட்டியுடன் ஒருமுறை ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம். போட்டோடயோடு மீட்டரை, அலைநீளம் உறுதியாகத் தெரிந்த மில்லிவாட் லேசர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது போதும்.