தாம்பரத்தில் வாடகைக்கு: ஃபிளாட்டா, மாடி போர்ஷனா?

செலவு
ஃபிளாட்: வாடகையோடு மாதாமாதம் மெயின்டனன்ஸ் தனி. இரண்டையும் கூட்டியே ஒப்பிடுங்கள்.
போர்ஷன்: வாடகை குறைவு, மெயின்டனன்ஸ் பெரும்பாலும் இல்லை.
அட்வான்ஸ், எந்த வீடானாலும், 2017 வாடகைச் சட்டப்படி வேறு உடன்பாடு இல்லையெனில் மூன்று மாத வாடகைதான் உச்சம். அதைச் சொல்லியே பேசுங்கள்.

கரண்ட்
பலர் கோட்டை விடுவது இங்கேதான்.
ஃபிளாட்: தனி இணைப்பு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே.
போர்ஷன்: சப் மீட்டர் (ஓனரே உள்ளே வைக்கும் மீட்டர்) மட்டும் என்றால் மொத்த வீட்டுக்கும் ஒரே பில், யூனிட் கூடக் கூட அதிகக் கட்டண ஸ்லாபுக்கு ஏறும். ஏசி ஓடினால் வாடகையில் மிச்சம் பிடித்தது இதிலேயே கரையும். மின்வாரிய மீட்டர் தனியா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தண்ணீர்
ஃபிளாட்: கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீர்ச் செலவு பங்காக விழும்.
போர்ஷன்: மோட்டார் சுவிட்ச் ஓனர் கையில். எப்போது போடுவார் என்று முன்பே கேளுங்கள்.

வெள்ளம்
முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015இல் அடையாற்று வெள்ளம் புகுந்தது. அங்கே தரைத்தளம் மட்டும் வேண்டாம்.

எது யாருக்கு
ஏசி இல்லாத இருவருக்கு, தனி மீட்டரோடு கிடைத்தால் போர்ஷன். மொட்டை மாடிக்கு நேர் கீழே என்றால் ஏப்ரல், மே வெக்கை கடுமை. குழந்தைகள், வயதானவர்கள், வீட்டிலிருந்தே வேலை என்றால் லிஃப்டும் ஜெனரேட்டரும் உள்ள ஃபிளாட்.