சீட் பெல்ட் பதிந்த நெஞ்சு: ஆர்07.89-ஆ, எஸ்20.21-ஆ?

அமெரிக்க மருத்துவமனைகளின் எமர்ஜென்சி சார்ட்டுகளைச் சென்னையில் உட்கார்ந்து கோட் செய்கிறவர்களுக்கு, அதாவது சார்ட்டில் உள்ள நோய்க்கு பில்லுக்கான ஐசிடி-10 எண் போடுகிறவர்களுக்கு, இந்தக் கேஸ் அத்துப்படி. கார் முன்னால் போன வண்டியில் இடித்துவிட்டது. ஓட்டியவர் சீட் பெல்ட் போட்டிருந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று ஈடிக்கு (எமர்ஜென்சி டிபார்ட்மென்ட்டுக்கு) வருகிறார். எக்ஸ்ரே, ஈசிஜி இரண்டிலும் ஒன்றும் இல்லை. வலி மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாலு பக்க சார்ட், ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டியது. ஆனால் என்ன கோட் என்று பக்கத்து சீட்டில் கேட்டால் ஒரு பதில் வரும், எதிர் சீட்டில் கேட்டால் வேறு பதில்.

ஆர்07.89 என்பது 'பிற நெஞ்சு வலி'. எஸ்20.21 வரிசை, நெஞ்சின் முன்பக்கச் சுவரில் ஏற்பட்ட கன்ட்யூஷன், அதாவது கன்றிப்போன அடி. நான் எஸ்20.21 கட்சி. எப்போதும் இல்லை, ஆனால் சார்ட்டைத் திறந்ததும் என் கண் முதலில் தேடுவது அதைத்தான். ஒரு எரர் வாங்கித்தான் இந்தப் பழக்கம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மற்ற போட்டியாளர்களை முதலில் ஒதுக்கிவிடலாம். டாக்டர் 'ஸ்ட்ரெயின்' என்று எழுதினால் எஸ்29.011ஏ, அதில் பேச்சே இல்லை. பெரும்பாலும் பாரம் தூக்கியவர்கள், விடாமல் இருமியவர்கள். வெறும் 'செஸ்ட் இன்ஜுரி' என்று மட்டும் எழுதிவிட்டால் எஸ்29.9எக்ஸ்எக்ஸ்ஏ. அதைப் போடும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஏனென்றால் அந்தக் கோட் யாருக்கும் எதையும் சொல்லாது. விலா எலும்பு முறிந்திருந்தால் எஸ்22 குடும்பத்துக்குப் போய்விடுங்கள். அதே இடத்தில் பெரிய காயம் இருக்கும்போது கன்றலைத் தனியாகக் கோட் செய்யக் கூடாது என்று கோடிங் கைட்லைனிலேயே இருக்கிறது. ஆனால் 'விலா முறிவாக இருக்கலாம்' என்ற சந்தேகம் மட்டும் என்றால் முறிவு கோட் கிடையாது. ஈடி மாதிரி அவுட்பேஷன்ட் சார்ட்டில் 'இருக்கலாம்' என்பது இல்லை என்பதற்குச் சமம்.

சரி, ஆர்07.89க்கு வருவோம். அதற்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. டாக்டர் இம்ப்ரஷனில் (பார்த்து முடித்து எழுதும் கணிப்பில்) 'செஸ்ட் வால் பெயின்' என்று எழுதியிருந்தால் கோட் புத்தகத்தின் இன்டெக்ஸ் நேராக அங்கேதான் கொண்டு போய் விடும். 'விலா வலி' என்று எழுதியிருந்தால் ஆர்07.81. இடமா வலமா என்ற கேள்வி கிடையாது. எஸ் கோடுகளின் கடைசியில் வரும் 'ஏ' மாதிரி ஏழாவது எழுத்து கிடையாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் கேள்வி எழாது. எஸ் கோட் போய்ச் சேர்ந்தால் 'இது விபத்தா, கார் இன்சூரன்ஸ் பொறுப்பேற்குமா' என்று நோயாளிக்கு ஒரு கடிதம் போக வாய்ப்பு உண்டு, பதில் வரும் வரை க்ளைம் காத்திருக்கும். ஈசிஜியும் ட்ரோபோனினும் (இதயப் பாதிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) ஏன் எடுத்தார்கள் என்பதற்கும் நெஞ்சு வலி கோட் பதில் சொல்லும். எங்கள் டீமில் ஆர்07.89காரர்கள் கடைசியில் பிடித்துக்கொள்வது இந்த ஈசிஜி காரணத்தைத்தான்.

அது பாதி நியாயம். மருத்துவமனை பில் போகும் யுபி-04 படிவத்தில் 70-வது கட்டம் எதற்கு இருக்கிறது? நோயாளி என்ன காரணம் சொல்லிக்கொண்டு வந்தார் என்பதற்கு. நெஞ்சு வலியை அங்கே போடுங்கள். அப்புறம் முதன்மை டயக்னோசிஸ் கன்ட்யூஷனாக இருப்பதில் என்ன தடை? வந்த காரணம் வலி, கண்டுபிடித்தது அடி. இரண்டுக்கும் படிவத்தில் தனித்தனி இடம் இருக்கிறது. கன்ட்யூஷனைப் போட்டுவிட்டு அதன் பின்னால் ஆர்07.89ஐயும் இரண்டாவது டயக்னோசிஸாக ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். அடிபட்டால் வலிக்கத்தான் செய்யும்.

எஸ்20.21ஐ நான் விரும்புவதற்கு அதன் நுணுக்கமும் ஒரு காரணம். 2015 செப்டம்பர் வரை, ஐசிடி-9 காலத்தில், நெஞ்சுச் சுவர் கன்றலுக்கு 922.1 என்ற ஒரே கோட். இடது, வலது எதுவும் இல்லை. இப்போது எஸ்20.211 வலது, எஸ்20.212 இடது. 2020 அக்டோபரில் இருபுறத்துக்கு எஸ்20.213உம் நடுப்பகுதிக்கு எஸ்20.214உம் சேர்ந்தன. ஸ்டியரிங் நடு நெஞ்சில் இடித்த கேஸ்களை அதுவரை 'குறிப்பிடப்படாத' எஸ்20.219இல் தள்ளிக்கொண்டிருந்தோம்.

ஆனால் நுணுக்கம், க்ளைம், ஈசிஜி எல்லாம் அடுத்த பேச்சுதான். இந்த இரண்டு கோடுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்வது ஒரே விஷயம்: கன்றல் என்று சார்ட்டில் எழுதியது யார்?

என் எரர் இதில்தான் வந்தது. டாக்டரின் இம்ப்ரஷன் 'செஸ்ட் வால் பெயின்'. எக்ஸாமில் (உடல் பரிசோதனைக் குறிப்பில்) 'அழுத்தினால் வலி' என்று ஒரு வரி, அவ்வளவுதான். ட்ரையாஜ் நர்ஸ் (வந்ததும் முதலில் பார்ப்பவர்) மட்டும் 'சீட் பெல்ட்டால் இடது நெஞ்சில் கன்றல்' என்று எழுதியிருந்தார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. கார் விபத்து, சீட் பெல்ட், கன்றல். எஸ்20.212ஏ போட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விட்டேன். க்யூஏவில் (தரச் சோதனையில்) முதன்மை டயக்னோசிஸ் எரர் என்று திரும்பி வந்தது. ரிபட்டல் (மறுப்பு) எழுத உட்கார்ந்தேன், அரை மணி நேரம் தேடியும் எழுத ஒரு வரி இல்லை. நோய் இன்னதென்று சொல்ல வேண்டியது சிகிச்சை தந்த டாக்டர். நர்ஸ் குறிப்பிலிருந்து எடுக்க அனுமதித்த பட்டியல் சின்னது: பிஎம்ஐ, படுக்கைப் புண்ணின் நிலை, கோமா ஸ்கேல் மாதிரி சில. அந்தப் பட்டியலில் கன்றல் இல்லை. அந்தச் சார்ட்டுக்குச் சரியான விடை ஆர்07.89தான்.

அதற்குச் சில மாதம் கழித்து, கிட்டத்தட்ட அதே விபத்து, வேறு சார்ட். இம்ப்ரஷனில் மறுபடியும் 'செஸ்ட் வால் பெயின்'. ஆனால் இந்த முறை எக்ஸாமில் டாக்டரே 'முன் நெஞ்சில் சீட் பெல்ட்டால் ஏற்பட்ட எக்கிமோசிஸ்' (தோலுக்கடியில் ரத்தம் கசிந்த கறை) என்று எழுதியிருந்தார். எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. பக்கத்தை எழுதியது நர்ஸ்: இடது. நான் மறுபடியும் எஸ்20.212ஏ போட்டேன், மறுபடியும் எரர் வந்தது. 'இம்ப்ரஷனில் இல்லை, பக்கமும் நர்ஸ் குறிப்பு' என்று ஆடிட்டர் எழுதியிருந்தார்.

இந்த முறை கையில் சரக்கு இருந்தது. இன்டெக்ஸில் எக்கிமோசிஸைத் திறந்து, அதன் கீழே அடியால் வந்தது என்ற வரியைப் பார்த்தால், கன்ட்யூஷனுக்குப் போ என்கிறது. சீட் பெல்ட்டால் வந்தது என்று டாக்டரே சொல்லிவிட்டார். பக்கம் விஷயத்தில், 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கைட்லைனில் அந்தச் சின்னப் பட்டியலோடு லேட்டராலிட்டியும் சேர்ந்துவிட்டது. நோயை டாக்டர் சொல்லியிருந்தால், இடமா வலமா என்பதை மட்டும் நர்ஸ் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் எழுதி அனுப்பினேன், எரரை எடுத்துவிட்டார்கள். அதே நர்ஸ் குறிப்பு, ஒரு சார்ட்டில் செல்லாது, இன்னொன்றில் செல்லும்.

அதனால்தான் இப்போதெல்லாம் இம்ப்ரஷனில் 'பெயின்' என்று பார்த்ததும் கை ஆர்07.89க்குப் போவதில்லை. டாக்டரின் எக்ஸாமை நெஞ்சு, தோல் இரண்டு தலைப்பிலும் பார்த்துவிட்டுத்தான் மேலே போகிறேன். தோல் தலைப்பில் ஒளிந்திருக்கும் 'எக்கிமோசிஸ்' எத்தனையோ தடவை அகப்பட்டிருக்கிறது. அங்கேயும் இல்லையென்றால் வருத்தப்படாமல் ஆர்07.89. கன்றல்தான் என்று என் மனசு சொன்னாலும் அப்படித்தான். நமக்கு எம்பிபிஎஸ் யாரும் கொடுக்கவில்லை.

டாக்டருக்கு விளக்கம் கேட்டு க்யூரி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம், ஆனால் 'இது கன்ட்யூஷனா?' என்று வாயில் வார்த்தையைப் போட்டுக் கேட்கக் கூடாது. சார்ட்டில் இருப்பதைச் சொல்லி, கன்ட்யூஷன், ஸ்ட்ரெயின், வேறு ஏதாவது, சொல்ல இயலாது என்று எல்லா வழியையும் திறந்து வைத்துக் கேட்க வேண்டும். பதில் வரும் வரை சார்ட் கிடப்பில் கிடக்கும். சாதாரண சீட் பெல்ட் கேஸுக்கு நான் அனுப்புவதில்லை. டாக்டரின் குறிப்புக்குள்ளேயே முரண்பாடு இருந்தால் மட்டும்.

பெண் நோயாளி என்றால் ஒரு எச்சரிக்கை. சீட் பெல்ட் கன்றல் மார்பகத்தில் என்று டாக்டர் எழுதியிருந்தால் அது எஸ்20.21 இல்லை. இடது மார்பகத்துக்கு எஸ்20.02எக்ஸ்ஏ. நடுவில் அந்த எக்ஸ் விட்டுப்போனால் ஏழாவது எழுத்து ஆறாவது இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், கோட் செல்லாததாகிவிடும். மார்பக வலி என்று மட்டும் இருந்தால் ஆர்07.89உம் இல்லை, என்64.4.

நான் சொன்னதெல்லாம் ஈடி ஃபெசிலிட்டி பக்கத்து, அதாவது மருத்துவமனை பில் பக்கத்து, அனுபவம். டாக்டர் பில் பக்கம் நான் மூன்று மாதம்தான் இருந்தேன். அங்கே 70-வது கட்டம் மாதிரி ஒன்று கிடையாது, அதனால் ஈசிஜி வாதத்துக்கு அங்கே கூடுதல் வலு இருக்கலாம். இன்பேஷன்ட் சார்ட் நான் தொட்டதே இல்லை. இம்ப்ரஷனைத் தவிர வேறு எங்கிருந்தும் டயக்னோசிஸ் எடுக்காதே என்று சொல்லும் கிளையன்ட்டுகளும் உண்டு. அவர்களிடம் என் எக்கிமோசிஸ் வாதம் எடுபடாது. புது ப்ராஜெக்ட்டில் போட்டால் முதல் நாளே டீம் லீடிடம் இதைக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.