இரண்டடித் தொட்டியில் ஒரு சண்டைக்கார மீன்: தடுப்பா, தனித் தொட்டியா?

சிங்கப்பூர் வளர்ப்பு மீன் கடைகளில் குள்ள கௌராமி என்ற வண்ண மீனைக் கேட்டால் பெரும்பாலும் ஆண் மீனைத்தான் பிடித்துத் தருவார்கள். சிவப்பும் நீலமுமாக மின்னுவது ஆண்தான். பெண் வெளிறிய வெள்ளி நிறம். அதை யாரும் கேட்பதில்லை, அதனால் கடைக்கும் அதிகம் வருவதில்லை. இரண்டு வாங்கினால் இரண்டும் ஆணாகவே அமைந்துவிடுகிறது. எங்கள் வீட்டுத் தொட்டியிலும் அப்படித்தான்.

முதலில் ஒன்றும் தெரியாது. புது இடம் பழகியதும் ஒரு மீன் தண்ணீரின் மேல்மட்டத்தை முழுக்கத் தன் வசமாக்கிக்கொள்ளும். மற்றது துடுப்புகளை மடக்கிக்கொண்டு ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் நிற்கும்; தீனி போட்டாலும் வராது. கௌராமிக்கு இதில் கூடுதல் வேதனை ஒன்று உண்டு. அது செவுளோடு சேர்த்து, மேலே வந்து காற்றை விழுங்கியும் மூச்சுவிடும் மீன். அதனால் அடி வாங்கும் மீன் நாள் முழுக்க ஒளிந்திருக்க முடியாது. மூச்சுக்காக மேலே வர வேண்டும். வரும்போதெல்லாம் அங்கே காத்திருப்பவன் விலாவில் முட்டுவான். எங்கள் தொட்டியில் அவன் கூட இருந்த கப்பி மீன்களையும் விடவில்லை. அகன்ற வண்ண வாலைக் கண்டாலே இன்னோர் ஆண் என்று பாய்ந்தான்.

பொதுவாகச் சொல்லப்படும் வைத்தியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல், கட்டை, செடிகளை இடம் மாற்றி வைத்தால் எல்லை குழம்பிச் சண்டை குறையும் என்பார்கள். சிக்லிட் மீன் வளர்க்கும் நண்பர், "தம்பி, வீட்டைக் கலைச்சு வை, ரவுடி அடங்கிடுவான்" என்றார். நான் சிக்லிட் வளர்த்ததில்லை. ஒரு குகையையோ கல்லையோ சொந்தம் கொண்டாடும் மீனுக்கு அது பொருந்தலாம். மேல்மட்டத்தில் உலவும் கௌராமிக்கு மிதக்கும் செடிகள்தான் ஓரளவு உதவின. ஒன்றையொன்று பார்ப்பது குறைந்தது, துரத்தல் நிற்கவில்லை. முரட்டு மீனைச் சில நாள் வலைப்பெட்டியில் அடைத்து மீண்டும் விட்டாலும் கொஞ்ச நாள் அமைதிதான். கூட்டத்தைப் பெருக்குவது டைகர் பார்ப் போன்ற மீன்களுக்கு நல்ல வழி. எட்டு, பத்து என்று இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். ஒரே மீன் மாட்டிக்கொள்ளாது. ஆண் கௌராமியைக் கூட்டினால் சண்டைதான் கூடும்.

ஆகவே உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவில்தான்: தொட்டிக்குள் ஓட்டைகள் உள்ள தடுப்பு போடுவது, அல்லது இன்னொரு சிறு தொட்டி வைப்பது. இரண்டையும் வைத்துப் பார்த்த பிறகு நான் தனித் தொட்டிப் பக்கம்தான் நிற்கிறேன்.

தடுப்பின் நன்மைகள் கண்ணுக்குத் தெரிந்தவை: செலவு குறைவு, கூடுதல் இடம் வேண்டாம், அன்றே போட்டுவிடலாம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும். அவசரத்துக்குத் தடுப்பு நல்லது. அடிபட்ட மீன் அன்று இரவே நிம்மதியாக மேலே வந்து மூச்சுவிட்டது.

தீர்மானித்தது பராமரிப்பு. தடுப்பு போட்ட தொட்டியில் வேலை குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும், ஒரே தொட்டி, ஒரே ஃபில்டர் என்பதால். நடைமுறை வேறு. ஃபில்டர் ஒரு பக்கம்தான் தொங்கும். மறுபக்கத்தில் நீரோட்டம் போதாமல், தடுப்பின் அடியில் கழிவும் மிச்சத் தீனியும் சேர்ந்து விரல் அகலத்துக்குப் பழுப்புக் கோடாகப் படிந்துவிடும். ஓட்டைகளைப் பாசி அடைக்க அடைக்க ஓட்டம் இன்னும் குறையும். தடுப்பைத் தேய்க்க வெளியே எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் ஒரு மீனைப் பிடித்து வாளியில் விட வேண்டும். ஒவ்வொரு வாரமும் வலையால் துரத்திப் பிடித்தால் எந்த மீனுக்குத்தான் நிம்மதி? இதற்கிடையில் தடுப்பைக் கண்ணாடியோடு பிடித்திருக்கும் உறிஞ்சு ரப்பர் வழுக்கித் தடுப்பு சாய்ந்தால் ஓர் ஓரத்தில் வழி கிடைத்துவிடும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே இடைவெளி இருந்தால் தாவியும் வரும். தடுப்பு கண்ணாடி போல் இருந்தால் இரண்டும் நாளெல்லாம் முகத்துக்கு முகம் முறைத்துக்கொண்டே இருக்கும். அடி விழாவிட்டாலும் பயம் போவதில்லை.

அப்புறம் மருந்து. கிழிந்த வாலில் அழுகல் கண்டால் உப்போ மருந்தோ போட வேண்டும். தடுப்புத் தொட்டியில் தண்ணீர் பொது. ஒரு மீனுக்கான மருந்தை எல்லா மீனும் குடிக்கும், செடியும் வாடும்.

நான் வைத்தது ஒன்றரை அடித் தொட்டி, சுமார் 35 லிட்டர் பிடிக்கும். ஒரு குள்ள கௌராமி வளர்ந்தாலும் 8 சென்டிமீட்டர் போல்தான், அதனால் தனியாக வாழ இது போதும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பஞ்சு ஃபில்டர் ஒன்று, கொஞ்சம் ஜாவா ஃபெர்ன் செடி, மேலே மிதக்கும் செடி, மூடி. நம் ஊர் வெப்பத்தில் ஹீட்டர் தேவையே இல்லை. ஒரே மீன் என்பதால் கழிவும் கொஞ்சம். வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும், ஒரு வாளி வேலை. ஸ்பஞ்சை அவ்வப்போது தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்துவிடுவேன்.

குழாய்த் தண்ணீரில் ஸ்பஞ்சைக் கழுவக் கூடாது. இங்கே குழாய் நீரில் இருப்பது குளோரமின் என்ற கிருமிநாசினி; அது ஸ்பஞ்சில் வாழ்ந்து மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஊரில் செய்வது போல இரவு முழுக்க வாளியில் வைத்தாலும் குளோரமின் போகாது. ஆன்டி-குளோரின் மருந்து போட்டே ஆக வேண்டும், அதுவும் குளோரமினுக்கும் ஆகும் என்று புட்டியில் எழுதியதாகப் பார்த்து வாங்குங்கள்.

புதுத் தொட்டியில் பாக்டீரியா வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பது உண்மைதான், தடுப்பை விரும்புகிறவர்கள் சரியாகவே சுட்டும் குறை இது. முரட்டு மீனோ இன்றைக்கே அடிக்கிறது. அதற்கு வழி உண்டு. பழைய தொட்டி ஃபில்டரிலிருந்து அழுக்கேறிய பஞ்சில் பாதியை எடுத்துப் புது ஸ்பஞ்சோடு கட்டிவிடுங்கள். ஒரே ஒரு மீன் என்றால் அந்த பாக்டீரியா பெரும்பாலும் சமாளித்துவிடும். முதல் இரண்டு வாரம் தீனியைக் குறைத்து, தண்ணீரில் அம்மோனியா (மீன் கழிவிலிருந்து வரும் நச்சு) ஏறுகிறதா என்று சோதனை செய்துகொண்டே இருந்தால் போதும்.

யாரை மாற்றுவது? நான் அடிப்பவனைத்தான் மாற்றினேன். அடிபட்டவனை மாற்றியிருந்தால் அவன் பிழைத்திருப்பான், கப்பிகள் மாட்டியிருக்கும். முரடன் போன பிறகு மற்ற கௌராமி மெல்ல மெல்ல நடுத்தொட்டிக்கு வந்தான். மங்கியிருந்த நீலக்கோடுகள் திரும்பத் தெளிந்தன. கப்பிகளிடம் அவன் வம்புக்குப் போகவில்லை. எல்லா ஆண் கௌராமியும் இப்படி இருக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். தனியாக விட்டால் சாதுவும் சில நேரம் தலை தூக்கும்.

இன்னொரு தொட்டிக்கு வீட்டில் கொஞ்சமும் இடமில்லை என்றால் தடுப்போடு மல்லுக்கட்டுவதைவிட மீனைக் கைமாற்றுவதே மேல். கிளமெண்டி, சிராங்கூன் நார்த் பக்கக் கடைகளில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள், காசு எதிர்பார்க்காதீர்கள். கரோசல் என்ற கைமாற்றுச் செயலியில் இலவசமாகக் கொடுப்பவர்களும் நிறையப் பேர். நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடுவது மட்டும் வேண்டாம். அது சட்டப்படி குற்றம். யாரோ கொண்டுவந்து விட்ட பீக்காக் பாஸ் என்ற வெளிநாட்டு மீன் நம் நீர்த்தேக்கங்களில் பெருகிக் கிடப்பதைத் தூண்டில் போடுகிறவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

பின்னாளில் தனித் தொட்டி காலியானால் தண்ணீரை முழுக்க வடித்துக் காயவைத்துக் கவிழ்த்து வையுங்கள். மீனில்லாத தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.